ஏழாம் நம்பர் சீட்டு

போன மாதம் முதலிபாளையத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் சோதனைக்கூடத்தைப் பார்க்க என்னை அழைத்துப் போனார்கள். என் அக்காவின் பேத்தி அங்கே வேலை செய்கிறாள். கண்ணாடி அறை, ஏசி, வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள். ஒரு பெண் துணித்துண்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பேனா மாதிரி ஒரு கருவியை அதற்குள் விட்டாள். எண்கள் ஓடி நின்றதும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். துணியில் ஆசிட் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறாளாம்.

"இதெல்லாம் உங்க காலத்துல கெடையாதில்லீங்களா ஆன்ட்டி? கேரண்டி, லயபிலிட்டி ஒண்ணுமில்லாம, செஞ்சதை அப்படியே வித்திருப்பீங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "யாரு சொன்னா கெடையாதுன்னு? இருந்துச்சு. இங்க இருந்துச்சு" என்று நாக்கை நீட்டிக் காட்டினேன். அந்தப் பிள்ளை இரண்டடி பின்னால் போய்விட்டாள். அப்புறம் உட்கார வைத்துச் சொன்னேன். வாயால் சொன்னதை எழுதியும் வைத்துவிடலாம் என்றுதான் இப்போது பேனா எடுத்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கையோடு, ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். எங்களுடையது நெசவுக் குடும்பம். வீட்டில் முருகனுக்கு அப்புறம்தான் மற்ற எல்லாரும். தறிச் சத்தத்திலேயே வளர்ந்ததால் துணியில் ஓர் இழை விட்டிருந்தாலும் என் கை சொல்லிவிடும். சேர்ந்த மூன்றாம் வருஷமே குழந்தை பனியன் முழுக்க என் பொறுப்பு என்றாகிவிட்டது. வெளுத்த துணி உள்ளே வருவதிலிருந்து, பனியன் தைத்துப் பெட்டி மூடுவது வரை எல்லாம் என் கண்ணில் பட்டுத்தான் போகும். பெட்டிக்குள் ஒரு சீட்டு வைப்போம். அதன் அடியில் "சரிபார்த்தவர்" என்று அச்சடித்து, பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பால் நம்பர் குத்துவோம். என் நம்பர் ஏழு. கம்பெனியில் பாதிப் பேருக்கு என் பெயர் சரஸ்வதி என்பதே தெரியாது. "ஏழு வந்தாச்சா?" "ஏழு சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

துணியை வெளுக்கும் வேலை வெளியே, சலவைப் பட்டறையில் நடக்கும். சோடாக்காரம் போட்டு வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு ஆசிட் கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அதற்குப் பின் ஐந்து தடவை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அதை "அஞ்சு தண்ணி" என்போம். ஒரு தண்ணி குறைந்தாலும் ஆசிட் துணியிலேயே தங்கிவிடும். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், ஒன்றும் தெரியாது. உடம்பில் பட்டு வேர்த்தால் அரிக்கும். அலமாரியில் கிடந்தால் துணியே இற்றுப் போகும்.

அதனால் துணி உள்ளே வந்ததும் மூன்று சோதனை உண்டு. முதலில் மூக்கு: பிளீச்சிங் வாடை இருந்தால் ஏறும். அடுத்தது கை: காரம் மிஞ்சியிருந்தால் வழுக்கும். கடைசியில் நாக்கு. துணியின் ஓரத்தை இரண்டு சொட்டுத் தண்ணீரில் நனைத்து, நாக்கு நுனியில் வைத்து எடுக்க வேண்டும். புளித்தால் ஆசிட், வழவழத்துக் கசந்தால் காரம், ஒன்றும் தெரியாவிட்டால் துணி நல்ல துணி. துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, ரிஜிஸ்டரில் மூக்கு, கை, நாக்கு என்ற மூன்று கட்டத்திலும் டிக் போட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது முப்பது உருப்படி. சாயங்காலம் வீட்டுக்குப் போய் ரசம் வைத்தால் உப்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் இலையைப் பார்த்துக்கொண்டே, "துணி ருசி தெரியற நாக்குக்கு இந்த மனுசன் ருசி தெரியலியே" என்பார். இருக்கட்டும். என் ரசத்துக்கு ஊரில் யாரும் கேரண்டி கேட்கவில்லை.

முதலாளி நாச்சிமுத்துவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக ஒரு "ங்க" போடுகிற இடத்தில் இரண்டு போடுவார். மூன்றாவது "ங்க" வந்தால் நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வோம். தேறாத பனியனைத்தான் அவர் போட்டுக்கொள்வார். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று அவர் நடந்து வருவதைப் பார்த்தாலே அந்த வாரம் யார் தையல் கோணல் என்று தெரிந்துவிடும்.

புகார்க் கடிதம் வந்தால் அதை மேஜைக்குள் போட்டு மூடுகிற வழக்கம் அவரிடம் இல்லை. செக்கிங் அறைக்கு எடுத்து வந்து, நின்றபடி, என்னிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வார். படித்து முடியும் வரை நடுவில் பேச மாட்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பார்:

"நம்மளுதுங்களா?"

குறை நம்முடையதா, இல்லையா. அவ்வளவுதான். அதற்கு ஆமாம், இல்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டும். "பார்க்கலாமுங்க" என்றெல்லாம் இழுக்கக் கூடாது.

பதில் சொல்ல எங்களிடம் ஒரு மர அலமாரி இருந்தது. ஒன்றாக வெளுத்து வந்த துணியில் தைத்த சரக்கு ஒரு லாட். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பனியனை எடுத்து, கழுத்திலிருந்து கீழ்வரை நேர்நடுவில் இரண்டாக வெட்டுவோம். ஒரு பாதி வாங்குகிற கடைக்காரருக்குச் சாம்பிளாகப் போகும். மறு பாதியைக் காகிதத்தில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்து அலமாரியில் வைப்போம். தகராறு வந்தால் இரண்டு பாதியையும் மேஜையில் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். ஒருமுறை சேலத்துக் கடைக்காரர் ஒருத்தர், கழுத்து இளகிப் போச்சு, இது என்ன கேரண்டி என்று காரசாரமாக எழுதி, பனியனையும் அனுப்பியிருந்தார். நான் எங்கள் பாதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் கழுத்துப்பட்டியில் இரண்டு தையல் ஓடும், அவர் அனுப்பியதில் ஒன்றுதான் ஓடியது. "நம்மளுது இல்லீங்க, நம்ம பேரு போட்டு வேற யாரோ தெச்சது" என்றேன். அந்தக் கடைக்காரரே நேரில் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு நான் தரையில் நடந்ததாக ஞாபகம் இல்லை. அந்தத் திமிர்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் வீட்டில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம். ராத்திரி ஒரு வேளை பாலும் பழமும், மற்ற நேரம் பச்சைத் தண்ணீர் கூடக் கிடையாது. சின்ன வயசிலிருந்து ஒரு வருஷம் கூட நான் விட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு சங்கடம் வந்தது. கண்ட துணியை நாக்கில் வைத்தால் விரதம் என்ன ஆவது? அதனால் அந்த ஆறு நாள் மட்டும் மூக்காலும் கையாலும் பார்த்துவிட்டு, நாக்குக் கட்டத்திலும் டிக் போட்டுவிடுவேன். என் மூக்குக்குத் தெரியாததா என்ற நினைப்பு. யாரிடமும் சொன்னதில்லை. ஏழெட்டு வருஷம் அப்படியே போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. தீபாவளிக்கு ஊருக்குப் போன பட்டறை ஆட்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. குளிர்காலம் வருகிறது, குழந்தை பனியன் அவசரம் என்று கடைகளிலிருந்து தந்தி மேல் தந்தி. தீபாவளிக்கு மறுநாளே சஷ்டி ஆரம்பம். அந்த ஆறு நாளில் வந்த துணியெல்லாம் மூக்கு, கை, டிக் என்று என் மேஜையைத் தாண்டிப் போயின.

தை பிறந்த பிறகு ஒரு நாள், மதியச் சாப்பாட்டு மணி அடித்து வெளியே வந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. கையில் எங்கள் பெட்டிச் சீட்டு. வெளியே வருகிற ஒவ்வொருத்தியிடமும் அதைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"ஏனுங்க்கா, ஏழாம் நம்பர் நீங்களுங்களா?"

எல்லாரும் என் பக்கம் கையைக் காட்டினார்கள்.

"நாந்தான் ஏழு. என்ன வேணும் கண்ணு?" என்றேன், பெருமையாகவே.

அவள் குழந்தையின் சட்டையைத் தூக்கினாள். அக்குளிலும் கழுத்து மடிப்பிலும் இடுப்பைச் சுற்றியும் தோல் உரிந்து ஆறிய தடம், கறுத்துப் போய்க் கிடந்தது. பனியனின் விளிம்பு எங்கெங்கே அழுத்துமோ, சரியாக அங்கங்கே.

அவள் பெயர் மயிலாத்தா. கட்டிக்கொடுத்தது மூலனூர், பிறந்த வீடு குண்டடம். தாராபுரத்துக் கடையில் எங்கள் பெட்டி ஒன்று, மூன்று பனியன், வாங்கியிருக்கிறார்கள்.

"கோடித்துணின்னு மஞ்ச தொட்டு வெச்சுத்தானுங்க போட்டேன். ரெண்டே நாள்ல புண்ணாயிருச்சு. அதை மாமியார் அடுப்புல போட்டுட்டாங்க. ஆறுன பொறவு, ஒரு விசேசத்துக்கு அடுத்ததைப் போட்டேன். மறுபடியும் அதே எடத்துல புண்ணு. 'இது பனியன்னால இல்ல, உங்க வம்சத்துல இருக்கற தோல் நோவு, மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்க'ன்னு சொல்லி என்னையும் புள்ளையும் குண்டடத்துல கொண்டாந்து உட்டுட்டாங்க. கடைக்காரர்கிட்டப் போனா, 'சோடாவுல தொவச்சிருப்பே'ங்கறார். ஆஸ்பத்திரியில மருந்து குடுத்தாங்க, எதனாலன்னு எழுதித் தர மாட்டீங்கறாங்க."

"புதுப் பனியன் மாத்தித் தரச் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன்.

"எனக்குப் பனியனும் வேண்டாமுங்க, காசும் வேண்டாமுங்க. பனியனாலதான் ஆச்சுன்னு ஒரு கடுதாசி குடுங்க. அது இருந்தா ஊட்டுக்குள்ள சேத்துக்குவாங்க. இல்லாட்டி எம்பட பையனுக்கு ஆயுசுக்கும் நோவுக்காரன்னுதானுங்க பேரு."

குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் மடியில் செருகிக் கொண்டு வந்திருந்த இரண்டாவது பனியனை நான் வாங்கினேன். கேட்டில் இருந்த குடத்துத் தண்ணீரில் ஓரத்தை நனைத்து, நாக்கில் வைத்தேன்.

புளித்தது. சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், பின்னால் லாட் எண். சஷ்டி வாரத்து லாட்.

"இங்கயே நில்லு கண்ணு. போயிராதே" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்கு ஓடினேன்.

முதலாளியுடன் கோயம்புத்தூர் வக்கீல் உட்கார்ந்திருந்தார். வேறு ஏதோ பத்திரம் விஷயமாக வந்திருந்தார். நான் மயிலாத்தா சொன்னதை முழுக்கச் சொன்னேன். முதலாளி வாயைத் திறப்பதற்குள் வக்கீல் கையைத் தூக்கினார்.

"அந்தப் பொண்ணு யார்கிட்ட வாங்கினா? கடைக்காரர்கிட்ட. நாம யாருக்கு வித்தோம்? கடைக்காரருக்கு. சாம்பிள் மாதிரி சரக்கு இல்லைன்னா கேக்கற உரிமை அவருக்குத்தான் இருக்கு. அவர் கேக்கலை. அந்தப் பொண்ணுக்கும் நமக்கும் ஒப்பந்தமே கிடையாதே! பதில் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை."

"சீட்டுல எழுதியிருக்குதுங்களே" என்றேன். அந்தச் சீட்டை எழுதியவர் முதலாளி. "இதை அணிபவர்களுக்கு: தையல் விட்டாலோ, துவைத்துச் சுருங்கினாலோ திருப்பி அனுப்புங்கள். மாற்றித் தருகிறோம்" என்று இருக்கும். "கடைக்காரருக்குன்னு போடலீங்க, அணிபவர்களுக்குன்னு போட்டிருக்குது. கொழந்தைதானுங்க அணிஞ்சுது?"

வக்கீல் சீட்டை வாங்கிப் பார்த்தார். "வாதம் பண்ணலாம். ஆனா தையலும் சுருக்கமும்தான் இதுல இருக்கு. தோலைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. அம்மா, எழுத்துல குடுத்தா அது அட்மிஷன், தப்பை நாமளே ஒத்துக்கிட்டதா ஆகும். அந்த லாட்ல எத்தனை பெட்டி போயிருக்கோ அத்தனை பேரும் நாளைக்கு வாசல்ல நிப்பாங்க. இரக்கமா இருந்தா ஒரு டஜன் பனியன் குடுத்தனுப்புங்க. கடுதாசி மட்டும் கூடாது. சோடாவில துவைக்கலைன்னு என்ன நிச்சயம்?"

இங்கேதான் எனக்கு வேகம் வந்தது. மயிலாத்தாவின் பனியனை மேஜையில் விரித்தேன். கீழ் விளிம்பில் அவள் வைத்த மஞ்சள் பொட்டு பளிச்சென்று இருந்தது.

"வக்கீலய்யா, ஆரத்தி எடுக்கறப்ப மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா என்னாகுமுங்க?"

"சிவக்கும்."

"சோடா பட்டாலும் சிவக்குமுங்க. சோப்பு பட்டாலே சிவக்கும்." ஆபீஸுக்குப் பின்னாலிருந்த சமையல்கட்டிலிருந்து ஒரு சிட்டிகை சோடா வாங்கி வந்து, தண்ணீரில் கரைத்து, அந்த மஞ்சள் பொட்டின் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். சொட்டு விழுந்த இடம் முதலில் மஞ்சளாகவே இருந்தது. துணியிலிருந்த ஆசிட் சோடாவைத் தின்கிறது என்று எனக்குப் புரிந்தது. இன்னும் இரண்டு சொட்டு விட்ட பிறகுதான் சிவந்தது. "இந்தத் துணியில சோடாவும் படலீங்க, சோப்பும் படலீங்க. பெட்டியில இருந்து எடுத்து நேரா கொழந்த மேல போட்டது."

முதலாளி எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். அந்த லாட்டின் பாதியை அவரே தேடி எடுத்து, அரக்கை உடைத்து, காகிதத்தைப் பிரித்தார். என்னிடம் கொடுக்கவில்லை. தானே ஓரத்தை நனைத்துத் தன் நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. பிறகு இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்தார். துணி அப்பளம் மாதிரி கிழிந்தது.

கண்ணாடியைக் கழற்றினார். "நம்மளுதுங்களா?"

"நம்மளுதுதானுங்க" என்றேன்.

பட்டறை மேஸ்திரி குப்பண்ணனுக்கு ஆள் போயிற்று. வந்தவர் கிழிந்த துணியைப் பார்த்ததும் ஒளிக்கவில்லை. "ஆளு இல்லீங்க முதலாளி. அந்த வாரம் அஞ்சு தண்ணிக்கு மூணு தண்ணிதான் போட்டேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "எப்படியும் நீ நாக்குல வெச்சுப் பாப்பியே அம்மிணி, புளிச்சா திருப்பி அனுப்புவே, அதுக்குள்ள ஆளு வந்துரும், அலசிக்கலாம்னு நெனச்சேன்" என்றார்.

அந்த மனுஷன் என்னை நம்பியிருக்கிறார். என்னை யாரோ முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

வக்கீல் அதற்குள் ரிஜிஸ்டரைப் புரட்டியிருந்தார். "இதோ பாருங்க, நாக்குச் சோதனை பண்ணினதா டிக் இருக்கு. நல்ல சாட்சி இது. கம்பெனி முறையாச் சோதிச்சுத்தான் அனுப்பியிருக்கு. தப்புப் பூரா பட்டறைக்காரர் மேல. கேஸ் வந்தாலும் நாம தப்பிச்சுக்கலாம்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. குப்பண்ணன் தலைகுனிந்து நிற்கிறார். அவருக்கு வேலை போகும். எனக்கு ஏழாம் நம்பர் நிற்கும். ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. மயிலாத்தா வெயிலில் நின்று, குழந்தை தலையில் முந்தானையைப் போட்டு மறைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டிக் பொய்யிங்க" என்றேன். "நான் நாக்குல வெக்கலை. சஷ்டி விரதமுங்க. விரதத்துல நாக்குல எதும் படக்கூடாதுன்னு உட்டுட்டேன்."

முதலாளி ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஆறு நாளுமுங்களா?" என்றார் முதலாளி.

"ஆறு நாளுமுங்க."

"வருசா வருசமுங்களா?"

"ஆமாங்க."

"முருகன் பனியன் போடறதில்லீங்களே அம்மிணி. கொழந்தைங்கதானுங்களே போடுதுங்க."

மூன்று "ங்க"வுக்கு மேலேயே வந்துவிட்டது. அவர் என்னை அடித்திருந்தால் கூட அப்படி வலித்திருக்காது. அங்கேயே அழுதேன். அழுததில் எனக்கு வெட்கம் இல்லை.

வக்கீல் தொண்டையைச் செருமினார். "இதை வெளியில சொல்லாதீங்க. இது இன்னும் மோசம். கவனக்குறைவுன்னு கம்பெனி மேலயே திரும்பும்."

"வக்கீலய்யா," என்றார் முதலாளி, "தையல் விட்டா மாத்தித் தர்றேன்னு எழுதுன கையிங்க இது. தோலு உரிஞ்சா மட்டும் பேசாம இருங்கறீங்களா? கடுதாசி குடுக்கறது முடிவாயிருச்சுங்க. எப்படி எழுதோணும்னு மட்டும் சொல்லுங்க."

வக்கீல் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தோற்ற பிறகு அந்த மனுஷன் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்தார், அதைச் சொல்லியாக வேண்டும். நான் முதலில் எழுதியதில் "அவர் குடும்பத்தில் எந்த நோயும் இல்லை" என்று இருந்தது. "நமக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க, அப்பத்தான் அசைக்க முடியாது" என்று அடித்தார். கம்பெனி லெட்டர்ஹெட்டில், என் கையெழுத்தில், கடைசியாக அது இப்படி நின்றது:

"தங்கள் குழந்தைக்குப் போட்ட எங்கள் பனியனைச் சோதித்தோம். வெளுக்கும்போது சேர்த்த ஆசிட் சரியாக அலசப்படாமல் துணியில் தங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட துணி குழந்தையின் தோலைப் புண்ணாக்கும். எங்களிடம் இருக்கும் சாம்பிளிலும் இதே குறை உள்ளது. பனியன் சோடாவிலோ சோப்பிலோ துவைக்கப்படவில்லை. குழந்தையின் தாயார் மேல் ஒரு தவறும் இல்லை. சரிபார்த்திருக்க வேண்டிய நாங்கள் சரிபார்க்கவில்லை."

முதலாளி கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே நானும் போட்டேன். பக்கத்தில் ஸ்டாம்பை எடுத்து ஏழு என்று குத்தினேன். குத்திவிட்டு ஸ்டாம்பை முதலாளி மேஜையில் வைத்துவிட்டேன். வேலையை விட்டுவிட்டேன் என்றுதான் அர்த்தம்.

அவர் அதை என் பக்கமே தள்ளினார். "ஏழாம் நம்பரே இல்லைன்னு ஆயிட்டா, இந்தக் கடுதாசியப் படிக்கறவங்க யாரைத் தேடி வருவாங்க? வெச்சுக்குங்க. குப்பண்ணன், நீங்களும் வேலையப் பாருங்க. இனிமே ஆளு இல்லைன்னா துணி இல்லைன்னு சொல்லி அனுப்புங்க."

கடிதத்தை மயிலாத்தாவிடம் நானே கொண்டு போய்க் கொடுத்தேன். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். நான் கேட்டில் நின்று உரக்கப் படித்தேன். "தாயார் மேல் ஒரு தவறும் இல்லை" என்ற இடத்தில் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன். "சரிபார்க்காம உட்டது நாந்தான் கண்ணு" என்றும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேகமாக நடந்தாள். சேர்த்துக்கொண்டார்களா இல்லையா என்று எனக்கு மாதக்கணக்கில் தெரியவில்லை.

அந்த லாட் போன கடைகளுக்கெல்லாம் நான் கார்டு எழுதினேன். அந்த லாட் எண்ணோடு ஏழு என்று குத்திய பெட்டியை எல்லாம் திருப்பி அனுப்புங்கள் என்று. மூட்டை மூட்டையாக வந்தது. சில கடைக்காரர்கள் சந்தடி சாக்கில் விற்காத பழைய சரக்கையும் கட்டி அனுப்பினார்கள். இரண்டு பேர் எங்களிடம் வாங்குவதையே விட்டார்கள். வக்கீல் பயந்த கேஸ் மட்டும் ஒன்றும் வரவில்லை. தேறிய துணியை மறுபடி அலசினோம், இற்றதைக் கிழித்து மிஷின் துடைக்கப் போட்டோம். ஒவ்வொன்றையும் கிழித்தது நான். அடுத்த சீட்டு அச்சடிக்கும்போது முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஒரு வரி சேக்கோணுமுங்க, நீங்களே எழுதுங்க" என்றார். "அணிந்து உடம்புக்குத் தீங்கு நேர்ந்தாலும் எங்களுக்கு எழுதுங்கள், பொறுப்பு எங்களுடையது" என்று எழுதினேன். ஊரில் வேறு எந்தக் கம்பெனியும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. அந்த வரி என்னுடையது.

அடுத்த ஐப்பசி வந்தது. சஷ்டியும் வந்தது. முதல் நாள் காலையிலேயே துணியை நனைத்து நாக்கில் வைத்தேன். துப்பினேன், வாய் கொப்பளித்தேன், டிக் போட்டேன். விரதத்தையும் விடவில்லை. "நாக்குல பட்டா விரதம் முறிஞ்சு போச்சுடி" என்று அம்மா சண்டை போட்டாள். "முறிஞ்சா முறியட்டும், முருகன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஆறாம் நாள், சூரசம்ஹாரத்தன்று மதியம் முதலாளி கூப்பிடுகிறார் என்றார்கள். ஆபீஸில் மயிலாத்தா நின்றாள். காலைக் கட்டிக்கொண்டு பையன். பக்கத்தில் நெடுநெடுவென்று ஒரு அம்மா, காதில் தண்டட்டி, கையில் எங்கள் குழந்தை பனியன் பெட்டி. மாமியார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அந்த ஏழு நீதானா?"

"நாந்தானுங்க."

"கடுதாசியப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். தப்புப் பண்ணுனவளே தப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்கறா, அப்பறம் நான் என்னத்தச் சொல்றது? மக்யா நாளு விடிஞ்சதும் வண்டி கட்டிப் போயி மருமகளக் கூட்டியாந்துட்டேன்." பெட்டியை என்னிடம் நீட்டினாள். "காலைல தாராபுரத்துல வாங்குனது. பேரனுக்குப் போட இன்னும் மனசு வர்ல. என்ற கண்ணு முன்னால நாக்குல வெச்சுச் சொல்லு."

பெட்டியைத் திறந்தேன். சீட்டில் ஏழு. காலையிலிருந்து நான் ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடித்திருக்கவில்லை. பனியன் விளிம்பை நனைத்து, நாக்கு நுனியில் வைத்தேன். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லீங்க. பச்சத் தண்ணியாட்டம் இருக்குது."

அந்த அம்மா பனியனை என் கையிலிருந்து வாங்கி, இன்னொரு ஓரத்தை நனைத்துத் தன் நாக்கிலும் வைத்துப் பார்த்தாள். "ம்" என்றாள். மயிலாத்தா முந்தானை முடிச்சிலிருந்து மஞ்சள் கிழங்குத் துண்டை எடுத்து, தண்ணீர் தொட்டு, விளிம்பில் ஒரு பொட்டு வைத்தாள். பாட்டி பேரனைப் பிடித்து நிறுத்திப் பனியனைத் தலைவழியே போட்டுவிட்டாள்.

பையன் புதுப் பனியனோடு ஆபீஸ் முழுக்க ஓடினான். முதலாளி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"நம்மளுதுங்களா அம்மிணி?"

"நம்மளுதுதானுங்க" என்றேன்.